ஜூலைத் திருமண விருந்துக்கு வெண்டைக்காய் கிடைக்குமா?

வணக்கம். ஜூலையில் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் நடக்கும் திருமண விருந்துக்கு வெண்டைக்காயும் புடலங்காயும் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கு அது நடுக்குளிர்காலம். உறைபனி விழும் உட்பகுதிகளில் அவை விளைவதில்லை, உறைபனியற்ற டர்பன் கடலோரத்திலும் காய்ப்பு மந்தமாகிவிடும் என்பதால், கிடைப்பவை முற்றலாகவும் விலை கூடுதலாகவும் இருக்கவே வாய்ப்பு அதிகம். வெண்டைக்காயின் நுனி சட்டென ஒடியாமல் வளைந்தால் வாங்க வேண்டாம். முட்டைக்கோசு, காலிபிளவர், பட்டாணி, கேரட் ஆகியவை அப்போது இந்த மாகாணமான குவாசூலு-நட்டாலிலேயே நன்றாக விளைகின்றன. தக்காளியும் பீன்ஸும் வடக்கே உள்ள லிம்போபோ மாகாணத்தின் வெப்பமான தாழ்நிலங்களிலிருந்து வரும். இலையுதிர்காலத்தில் தோண்டத் தொடங்கும் மதும்பியும், அதாவது நம் சேப்பங்கிழங்கும், கிடைக்கும். புளிக்குழம்புக்கு வெண்டைக்காயைவிட அதுவே மேல் என்பது என் கருத்து. உறையவைத்த வெண்டைக்காய் சாம்பாருக்குப் பரவாயில்லை, பொரியலுக்கு ஆகாது.