ட்ரில்ல கீழ வைங்க தம்பி: வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

நீங்க கராஜ்ல ரெண்டு சீட்டர் கிட் விமானம் (பார்ட்ஸா வாங்கி நாமளே சேக்குறது) கட்டுன கதைய படிச்சுட்டுதான் நானும் இதுல இறங்குனேன், அதனால பாதி பழி உங்க மேல. மிச்சிகன்ல இருக்கேன். வாலு, ரெக்கை ரெண்டும் பெரிய வம்பு இல்லாம முடிஞ்சுது. இப்ப ஃபியூசலாஜ்ல, அதாவது விமானத்தோட உடம்புல, மாட்டிக்கிட்டேன். இடது பக்க ஸ்கின்ன (வெளித் தகடு) ஃபயர்வால்ல (இன்ஜினுக்குப் பின்னாடி இருக்குற தடுப்பு) இருந்து க்ளீகோ (ரிவெட் ஆணி அடிக்கிற வரைக்கும் ஓட்டையில மாட்டுற தற்காலிகப் பிடி) போட்டுக்கிட்டே பின்னாடி வந்தா, சீட்டுக்குப் பின்னாடி இருக்குற பல்க்ஹெட் (குறுக்குச் சட்டம்) வர்றப்போ ஸ்கின் ஓட்டைக்குள்ள அதோட ஓட்டை பாதிதான் தெரியுது, ஒரு மில்லிமீட்டருக்கு மேலயே விலகி நிக்குது. வலது பக்கம் அழகா உக்காருது. லாங்கரானுக்கும் (உடம்போட நீளத்துக்கு ஓடுற எல்-வடிவ அலுமினியச் சட்டம்) பல்க்ஹெட்டுக்கும் நடுவுல சின்ன கேப் வேற. கம்பெனிக்காரன் தப்பா பஞ்ச் பண்ணிட்டானா? ட்ரில்ல விட்டு ரெண்டையும் ஒரே ஓட்டையாக்கிடலாமா? மூணு நாளா கையில ட்ரில்லோட நிக்கிறேன்.

கே.

தம்பி கே.,

மொதல்ல அந்த ட்ரில்ல கீழ வைங்க. நான் வைக்கல, அதோட விலை ஒரு புது பல்க்ஹெட், ரெண்டு வாரம் காத்திருப்பு, வீட்டுல கெடச்ச பேச்சு தனி.

நீங்க எழுதுனதுலயே பதில் இருக்கு: வலது பக்கம் சரியா உக்காருது. ரெண்டு ஸ்கின்னையும் பஞ்ச் பண்ணது கம்ப்யூட்டர் சொல்றத செய்யுற மெஷின், அது ஒரு பக்கம் மட்டும் ஒரு மில்லிமீட்டர் தப்புறது நடக்காதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா சந்தேகப் பட்டியல்ல அதுக்கு கடைசி இடம்தான். மொத இடம் நம்ம கை பட்ட பார்ட்டுக்கு. இந்த மாதிரி கிட்ல கம்பெனி நேரா அனுப்பி, வளைக்கிற வேலைய நம்மகிட்ட விட்டது எது? லாங்கரான். அங்கதான் போகணும்.

எங்க ஊர்ல ஆசாரி ஒருத்தர் இருந்தாரு, கதவு இடிக்குதுன்னு கூப்பிட்டா கதவ தொடவே மாட்டாரு, தூக்குக்குண்டு எடுத்து நிலைய பாப்பாரு. நிலை சாஞ்சிருந்தா கதவ இழைச்சு என்ன பிரயோஜனம், மழைக்காலத்துல இடிக்கும், வெயில் காலத்துல சந்து தெரியும். ஓட்டை விலகி நிக்குற இடம் உங்க கதவு. நிலை வேற எங்கயோ இருக்கு.

என் கதைய சொல்றேன். எனக்கும் இதே இடம், இதே பக்கம் கூட. நம்பர் 40 பிட்ட போட்டு இழுத்தேன், ஓட்டை எட்டு மாதிரி ஆயிடுச்சு, பல்க்ஹெட் ஃப்ளாஞ்ச் (மடிச்ச விளிம்பு) ஓரத்துல எட்ஜ் டிஸ்டன்ஸ் காலி. ஓட்டையோட நடுவுல இருந்து தகடு ஓரம் வரைக்கும் ரிவெட் விட்டத்துல ரெண்டு மடங்காவது இருக்கணும்ல, 1/8 இன்ச் ரிவெட்டுக்கு கால் இன்ச், அது இல்லாம போச்சு. அப்புறம்தான் புத்தி வந்து எல்லா க்ளீகோவையும் கழட்டிட்டு லாங்கரான தனியா எடுத்து பெஞ்ச்ல போட்டேன். ப்ளைவுட்ல வரைஞ்சு வச்சிருந்த வளைவோட பாத்தா அரை இன்ச் முன்னாடியே வளைவ ஆரம்பிச்சிருக்கேன். அது மட்டும் இல்ல, பெஞ்ச்ல ஆடுச்சு. ஒரு முனைய அமுக்குனா இன்னொரு முனை தூக்குது, அந்த சந்துல ஒரு குவார்ட்டர் உள்ள போச்சு (காசுப்பா, நீங்க நினைக்கிறது இல்ல). வைஸ்ல பிடிச்சு கையால இழுத்துக்கிட்டே மேலட்டால தட்டி வளைக்கிறப்போ எல்-ஆங்கிள் வளையுறதோட சேத்து முறுக்கவும் செய்யும், அத அப்பப்போ எடுக்கலன்னா நிக்குற கால் உள்பக்கமா சாயும், அது சாஞ்சா ஸ்கின்னும் சாயும், பல்க்ஹெட் இருக்க வேண்டிய இடத்துல இல்லாம தள்ளிப் போகும். கேப் வர்றதும் அதனாலதான். உங்களுதும் இதுவாத்தான் இருக்கும்னு முக்கால்வாசி நம்பிக்கையா சொல்லுவேன், முழுசா சொல்ல நான் அங்க இல்ல.

முறுக்க எடுக்க மரக்கட்டை வச்சு வைஸ்ல பிடிச்சு, பெரிய ஸ்பேனர்ல துணி சுத்தி கொஞ்சம் கொஞ்சமா திருப்புங்க, ஒவ்வொரு தடவையும் பெஞ்ச்ல போட்டு பாருங்க. அலுமினியம் கொஞ்சம் திரும்பி வரும், அதனால ஒரேடியா திருப்பணும்னு தோணும். தோணட்டும், செய்யாதீங்க.

லாங்கரான் சுத்தமா இருந்தா அடுத்து பல்க்ஹெட். வளைஞ்ச ஓரத்துல ஃப்ளாஞ்ச அழுத்தி மடிக்கிறப்போ தகடு மிஞ்சும், மிஞ்சுறது எங்கயாவது போகணும்ல, அதனால பார்ட் வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு நிக்கும், ஓட்டை வரிசையும் வளைஞ்சிடும். இதுக்குத்தான் ஃப்ளூட்டிங் ப்ளையர். சேலைக்கு கொசுவம் வைக்கிற மாதிரி ரெண்டு ஓட்டைக்கு நடுவுல சின்னச் சின்ன மடிப்பு, ஓட்டை மேல பட்டுடக் கூடாது. தட்டையான கிரானைட் மேல வச்சா ஆடாம படுக்குற வரைக்கும். ரெக்கை ரிப்ல இத செஞ்சிருப்பீங்க, பல்க்ஹெட்ல மறந்திருப்பீங்க, எல்லாரும் மறக்குறதுதான். ஃப்ளாஞ்ச் 90 டிகிரிக்கு இருக்கான்னு மூலமட்டம் வச்சும் பாத்துடுங்க, 16 மில்லிமீட்டர் ஃப்ளாஞ்ச்ல 5 டிகிரி தப்புனா ஓரம் கிட்டத்தட்ட 1.4 மில்லிமீட்டர் தள்ளி நிக்கும், ஸ்கின் உப்பிக்கிட்டு உக்காரவே உக்காராது.

அப்புறம் க்ளீகோ போடுற விதம். முன்னாடி இருந்து வரிசையா ஒண்ணு விடாம போட்டுக்கிட்டே வந்தீங்கன்னா இருக்குற தப்பெல்லாம் சேந்து கடைசி ஓட்டைக்கு தள்ளிட்டு போகும். நாலு ஓட்டைக்கு ஒண்ணுன்னு ரெண்டு முனையும் நடுவும் மொதல்ல, அப்புறம் இடைவெளிய நிரப்புங்க. கராஜ்ல ஹீட்டர் வச்சிருக்கீங்களா? மிச்சிகன் குளிர்ல வைக்காம இருக்க முடியாது. 0.8 மில்லிமீட்டர் ஸ்கின் சட்டுனு சூடாகும், லாங்கரான் மெதுவாத்தான் ஆகும். 2.4 மீட்டர் நீளத்துல 15 டிகிரி வித்தியாசம் இருந்தா 0.8 மில்லிமீட்டர் விலகல் அதுலயே வந்துடும். எல்லாம் ஒரே சூட்டுக்கு வர்ற வரைக்கும் டீ குடிங்க.

இவ்வளவும் செஞ்சும் ஓட்டை விலகி நின்னா அப்ப ட்ரில்ல பத்தி பேசலாம். நம்பர் 40 பிட் போடுற ஓட்டை 2.5 மில்லிமீட்டர், நம்பர் 30 போடுறது 3.26 மில்லிமீட்டர். அதனால முக்கால் மில்லிமீட்டர் வரைக்குமான விலகலத்தான் பெரிய ஓட்டை முழுங்கும், எட்ஜ் டிஸ்டன்ஸும் மிச்சம் இருக்கணும், அதுக்கு உடம்பு 1/8ஆவும் தலை மட்டும் 3/32 சைஸுலயும் இருக்குற ஊப்ஸ் ரிவெட் போடலாம். உங்களுக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல, அது கணக்குலயே ஒத்து வராது. கேப்ப ரிவெட்டால இழுத்து மூடுறதும் வேண்டாம், ரிவெட் உடம்பு சந்துக்குள்ள உப்பி தகட பிரிக்கும், இறுக்கம் உள்ளயே தங்கிடும். லாங்கரான் சரியான பிறகும் சந்து இருந்தா அதே அலாய்ல தகடு வெட்டி ஷிம் வைக்கலாமான்னு கிட் கம்பெனி பில்டர் சப்போர்ட்ல போட்டோவோட கேளுங்க, அது அவங்க சொல்ல வேண்டிய பதில், நான் சொல்லக் கூடாது.

பக்கத்துல இ.ஏ.ஏ. சாப்டர் இருக்கும், 1953ல விஸ்கான்சின்ல பால் போபெரெஸ்னி ஆரம்பிச்ச, நம்மள மாதிரி சொந்தமா விமானம் கட்டுறவங்க சங்கம். அவங்க டெக்னிக்கல் கவுன்சிலர்ங்க காசு வாங்காம வந்து பாப்பாங்க. எனக்கு வந்த பெரியவர் ஸ்கின்ன பாக்கவே இல்ல, நேரா லாங்கரான் மேல கைய வச்சு தடவுனாரு. ஆசாரியேதான்.

இந்த சனிக்கிழமை லாங்கரான கழட்டி பெஞ்ச்ல போட்டு, எந்த காசு அடியில போகுதுன்னு எனக்கு எழுதுங்க. அதுவரைக்கும் ட்ரில்லோட பேட்டரிய உருவி வீட்டுக்காரம்மா கையில குடுத்து வைங்க.