காட்டுக்குள் காலா, சைக்கிளா, குதிரையா?

(காடு பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், ஓசூர் வனக்கோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வனவர்.)

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் ஞாயிற்றுக்கிழமை தர்மபுரியிலிருந்து ஒகேனக்கல்லுக்குச் சைக்கிளில் போகிறோம். காலை நாலு மணிக்குக் கிளம்பினால் வெயிலுக்கு முன்னே போய்ச் சேரலாம். சரிதானே?
– கல்லூரி மாணவர், தர்மபுரி

பதில்: ஆசை சரி, நேரம்தான் தப்பு தம்பி. மொத்தம் சுமார் 45 கிலோமீட்டர். பென்னாகரம் வரை ஊரும் வயலும், கவலை இல்லை. அதைத் தாண்டினால் காட்டுக்குள் இறங்குகிற சாலை. நாலு மணிக்குக் கிளம்பினால் இருட்டு விலகும் முன்பே அங்கே இருப்பீர்கள். யானை சாலையைக் கடக்கிற நேரம் அது. கோடையில் கேட்கவே வேண்டாம். மேலே குட்டைகள் வற்றிவிட்டால் காவிரிக்கும் சின்னாற்றுக்கும் இறங்கித்தான் ஆகவேண்டும்.

பஸ், லாரி என்றால் சத்தம் தூரத்திலேயே கேட்கும், யானை ஒதுங்கிவிடும். சைக்கிளுக்குத்தான் சத்தமே கிடையாதே! இறக்கத்தில் பெடலை மிதிக்காமல் வளைவில் திரும்பி, எதிரே அது நின்றால் உங்களைவிட அது அதிகம் மிரளும். மிரண்ட யானைதான் துரத்தும். இறக்கத்தில் யானை ஓடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆகவே பென்னாகரத்தில் இட்லி, டீ எல்லாம் முடித்து, வெளிச்சம் நன்றாக வந்தபிறகு இறங்குங்கள். வளைவுக்கு வளைவு மணி அடியுங்கள். காதில் பாட்டு வேண்டாம். சாலையில் ஆவி பறக்கும் யானைச் சாணம் கிடந்தால் நின்று, அடுத்து வரும் பஸ்ஸின் பின்னால் போங்கள். தார்ச் சாலையை விட்டு மண் தடத்தில் இறங்கினால் காப்புக்காட்டுக்குள் அத்துமீறல், அபராதம் உண்டு. திரும்பி வரும் ஏற்றம் உயிரை வாங்கும். ஒரு மினி லாரியில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு வந்தால் கௌரவம் ஒன்றும் குறையாது. எப்படி வந்தாலும் சாயங்காலம் இருட்டுமுன் பென்னாகரம் வந்துவிட வேண்டும்.

கேள்வி: காட்டில் நடக்கும்போது எங்கள் நாயைத் துணைக்குக் கூட்டிப் போகலாமா?
– வாசகர், ராயக்கோட்டை

பதில்: வேண்டாம். கரடியைப் பார்த்துக் குரைக்கும். கரடி துரத்தினால் நேராக உங்களிடம்தான் ஓடிவரும்.

கேள்வி: இங்கிலாந்தில் என் மகன் நியூ ஃபாரஸ்ட் என்ற காட்டில் நடக்கிறான், சைக்கிள் விடுகிறான், குதிரையும் ஏறுகிறான். குதிரையேற்றம் பழகும் என் பேத்தியை ஜவளகிரி காட்டுக்குள் குதிரையில் கூட்டிப்போக நம் ஊரில் மட்டும் ஏன் விடுவதில்லை?
– வாசகர், ஓசூர்

பதில்: ஐயா, அந்தக் காடு 1079 வாக்கில் வில்லியம் மன்னர் தன் வேட்டைக்கென்று ஒதுக்கியது, 2005இல் தேசியப் பூங்கா ஆனது. அங்கே திரியும் குட்டைக் குதிரைகளுக்கெல்லாம் சொந்தக்காரர்கள் உண்டு. சைக்கிளையும் நினைத்த இடத்தில் விட முடியாது, அடையாளமிட்ட பாதைகளில்தான். மகனிடம் கேட்டுப் பாருங்கள். முக்கியமாக, அங்கே மானைவிடப் பெரிய காட்டு விலங்கு இல்லை.

நம் கதை வேறு. அஞ்செட்டி, உரிகம், ஜவளகிரி பக்கத்துக் காடுகளைச் சேர்த்து 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் அறிவித்தார்கள். சுமார் 504 சதுர கிலோமீட்டர். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நடந்துகூடப் போக முடியாது. அப்புறம், ராகி முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் வருவது ஜவளகிரி வழியாகத்தான். அந்த வாடை பட்டாலே குதிரை மிரளும். மிரண்ட குதிரையை அடக்கப் பழகின கை வேண்டும், பேத்திக்கு அந்தப் பழக்கம் போதாது. சரணாலயத்தைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஆடுமாடுகளுக்கே தடுப்பூசி போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வீட்டு விலங்கின் நோய் காட்டுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான்.

பேத்தி ஆசையைக் கெடுக்க வேண்டாம். ஓசூருக்கும் குதிரைக்கும் பழைய உறவு உண்டு: மத்திகிரி கால்நடைப் பண்ணை 1824இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் ராணுவக் குதிரைகளுக்காகத் தொடங்கிய இடம். அந்தக் கதையைச் சொல்லுங்கள். சவாரிக்கு ஊர்ப்பக்கத்து வண்டிப்பாதையே போதும்.

கேள்வி: நாங்கள் ஆசிரியைகள் எட்டுப் பேர். மலையேற்றம் போக யாரிடம் அனுமதி கேட்பது? பெண்கள் மட்டும் போகலாமா?
– வாசகி, பாலக்கோடு

பதில்: தாராளமாகப் போகலாம் அம்மா. தெரிந்த வாட்சரைப் பிடித்து உள்ளே போகிற பழைய வழி மட்டும் வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் பலர் காட்டுத்தீயில் சிக்கி இறந்தபிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன. 2024 அக்டோபரில் அரசு 14 மாவட்டங்களில் 40 தடங்களைத் திறந்தது. இணையத்தில் பதிவு செய்து பணம் கட்டினால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் குத்திராயன் மலைத் தடம் இருக்கிறது. முதல் தடவை போகிறவர்களுக்கு மூச்சு வாங்கும், தினமும் கொஞ்ச நாள் நடந்து பழகிவிட்டுப் போங்கள். காட்டுத்தீ பருவமான பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை தடங்களை மூடிவிடுவார்கள். தேதி பார்த்துப் பதியுங்கள்.

பளிச்சென்ற சேலை, சுடிதார், வாசனைத் திரவியம், மல்லிகைப்பூ எல்லாம் அன்றைக்கு ஓய்வெடுக்கட்டும். மங்கலான நிறத்தில் முழுக்கை, முழுக்கால் உடை, அழுத்திப் பிடிக்கும் பழைய ஷூ. வறண்ட மாதங்களில் உண்ணி ஒட்டும். இறங்கியதும் கணுக்கால், முழங்கால் மடிப்பு, இடுப்பில் தேடிப் பாருங்கள். வழியில் இலந்தை பழுத்திருந்தால் புதருக்குள் கையை விடாதீர்கள், அது கரடிக்கும் பிடித்த பழம். வழிகாட்டி கையைத் தூக்கினால் எட்டுப் பேரும் அப்படியே நிற்க வேண்டும். ஏன், எதற்கு என்ற கேள்வியெல்லாம் கீழே இறங்கி வந்தபிறகு. அவருக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் பையில் வேண்டாம்.