நஞ்சுக்கொடி எதைக் கொடுக்கிறது, எதைப் பிடித்துவைக்கிறது? கேள்வி பதில்

நஞ்சுக்கொடித் திசுவை ஆராய்வது என் வேலை. உடல் பருமன் உள்ள தாயிடமிருந்து கருவுக்குக் கொழுப்பு போய்ச்சேரும் விதம் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். மாத்திரை, மருந்து அளவுகளை மட்டும் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, ஐந்தாம் மாதம், எடை 88 கிலோ. என் உடம்பில் இவ்வளவு கொழுப்பு இருக்கும்போது குழந்தைக்குக் கொழுப்புச் சத்துக்குப் பஞ்சமே வராதுதானே?

பதில்: வரலாம். பிரசவம் முடிந்ததும் எங்கள் மேசைக்கு வரும் நஞ்சுக்கொடி அரைக் கிலோ இருக்கும். சாப்பாட்டுத் தட்டின் அகலம், கருஞ்சிவப்பு நிறம். அதில் ஒரு துணுக்கை மெல்லியதாகச் சீவி, கொழுப்பில் மட்டும் ஏறும் சிவப்புச் சாயத்தில் தோய்த்து நுண்ணோக்கியில் வைப்போம். பருமனான தாய்மாரின் திசுவில் கேழ்வரகைச் சிந்தியதுபோல் சிவப்புத் துளிகள் நிறைந்திருக்கும். குழந்தைக்குப் போகாமல் நஞ்சுக்கொடியிலேயே தங்கிவிட்ட கொழுப்பு அது.

எனக்குக் கவலை தருவது டிஎச்ஏ என்ற கொழுப்பு அமிலம். குழந்தையின் மூளையும் விழித்திரையும் உருவாக அது வேண்டும். கடைசி மூன்று மாதங்களில்தான் வேகமாகச் சேரும். நஞ்சுக்கொடியால் அதைத் தானாகத் தயாரிக்க முடியாது, தாயின் ரத்தத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். பருமனான தாய்மாரிடம் இந்த வகை அமிலங்கள் கடத்தப்படுவது குறைவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. உடம்பில் உள்ள கொழுப்பின் அளவை வைத்து நிம்மதி அடையாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் இப்போதே சாப்பாட்டைக் குறைத்து இளைக்கட்டுமா?

பதில்: வேண்டாம். பட்டினி கிடந்தால் சேமிப்புக் கொழுப்பு கரைந்து, கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் என்ற பொருள் ரத்தத்தில் ஏறும், அது குழந்தைக்கும் போகும். அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் (Institute of Medicine) 2009-இல் வகுத்த அளவுப்படி, உடல் நிறை குறியீடு (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ) 30-க்கு மேல் உள்ளவர்கள்கூடக் கர்ப்ப காலத்தில் 5 முதல் 9 கிலோ வரை கூடலாம். இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் குறையுங்கள், வேளைச் சாப்பாட்டை விடாதீர்கள்.

கேள்வி: அம்மா, நான் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர். குழந்தை கொழுப்பது சர்க்கரையால்தானே? என் மகளுக்குச் சர்க்கரை அளவு சரியாக இருக்கிறது. கொழுப்பைப் பற்றி ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

பதில்: ஐயா, தாயின் சர்க்கரை ஏறினால் கருவின் இன்சுலின் ஏறும், அதனால் குழந்தை கொழுக்கும் என்று டென்மார்க் மருத்துவர் பெடர்சன் 1950-களில் சொன்னது இன்றும் நிற்கிறது. ஆனால் சர்க்கரை சரியாக உள்ள பருமனான தாய்மாருக்கும் கொழுத்த குழந்தைகள் பிறக்கின்றன. அவர்களின் ரத்தத்தில் ஓடும் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு கூடுதலாக இருக்கிறது.

அதே ஆசிரியர்: டிரைகிளிசரைடு நஞ்சுக்கொடியைத் தாண்டாது என்று நானே பாடம் நடத்தியிருக்கிறேன்!

பதில்: சரியாகத்தான் நடத்தியிருக்கிறீர்கள். முழுசாகத் தாண்டாது. நஞ்சுக்கொடியின் மேற்பரப்பில் உள்ள லைப்பேஸ் நொதிகள் அதை வெட்டுகின்றன. பிரிந்த கொழுப்பு அமிலங்களைக் கடத்திப் புரதங்கள் உள்ளே இழுக்கின்றன. உள்ளே போனதில் ஒரு பங்கு எரிகிறது, ஒரு பங்கு துளிகளாகத் தங்குகிறது, மிச்சம் குழந்தைக்குப் போகிறது. என் தொழிலே இந்தப் பங்கீட்டைப் பார்ப்பதுதான்.

அதே ஆசிரியர்: பிறப்பு எடை சரியாக இருந்தால் போதாதா?

பதில்: போதாது ஐயா. புனேயில் பிறந்த குழந்தைகளையும் இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் பிறந்தவற்றையும் ஒப்பிட்டார்கள். புனேக் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, அங்கே 3.5. எடையில் இவ்வளவு வித்தியாசம் இருந்தும், தோள்பட்டைக்குக் கீழே தோலடிக் கொழுப்பில் அந்த அளவுக்குக் குறைவில்லை. தராசு காட்டாத விஷயம் இது. மகளின் அடுத்த பரிசோதனையில் டிரைகிளிசரைடையும் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: நெய் குடித்தால் சுகப்பிரசவம் ஆகுமா?

பதில்: ஆகாது. நெய் குடலுக்குப் போகிறது, கருப்பைக்கு அல்ல.

கேள்வி: வயிறு பெரிதாக இருந்தால் ஆண் குழந்தையா?

பதில்: இல்லை. பாலினம் கண்டறிவது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், இங்கே கேட்காதீர்கள்.

கேள்வி: ஆறாம் மாதம். இரவு மட்டும் சாப்பிடாமல் இருந்தால்?

பதில்: இரண்டாவது பதிலைப் படியுங்கள். தனிச்செய்தியிலும் இதையே கேட்கிறீர்கள். பட்டினி வேண்டாம், வேண்டவே வேண்டாம்.

கேள்வி: நாங்கள் சைவம். ஆளி விதை போதுமா?

பதில்: நல்லதுதான், ஆனால் அதிலுள்ள அமிலத்தில் மிகச் சிறு பங்குதான் டிஎச்ஏ ஆக மாறும். பாசியிலிருந்து எடுக்கும் டிஎச்ஏ மாத்திரை கிடைக்கிறது. நாளுக்கு 200 மில்லிகிராமாவது வேண்டும் என்பது பொதுப் பரிந்துரை. கடையில் தவறுதலாக மீன் ஈரல் எண்ணெயை வாங்கிவிடாதீர்கள். அதில் வைட்டமின் ஏ மிகுதி, கருவுக்கு ஆபத்து.

கேள்வி: அக்கா, 88 கிலோ என்று கேட்டவள்தான். சந்தையில் மத்தியும் சுறாவும் இருக்கின்றன. பால் ஊற சுறாப்புட்டு நல்லது என்று அத்தை சொல்கிறார்.

பதில்: மத்தியை வாங்குங்கள் தங்கச்சி. சிறிய மீன், டிஎச்ஏ நிறைய, பாதரசம் குறைவு. சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும். இப்போதும் வேண்டாம், பால் கொடுக்கும்போதும் வேண்டாம். அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். குழம்பாக வையுங்கள்; பொரித்தால் மீனின் கொழுப்பில் ஒரு பகுதி சட்டியிலேயே தங்கிவிடும்.