காய்ச்சல் இல்லையே என்று காத்திருக்க வேண்டாம்

கேள்வி: கோவை பக்கம் சிறிய முதியோர் இல்லம் ஒன்றை நடத்துகிறேன். 26 பேர் இருக்கிறார்கள், ஆயாக்கள் 8 பேர். சில மாதங்களாக யாருக்காவது யூரின் இன்ஃபெக்‌ஷன், சளி, வயிற்றுப்போக்கு என்று மாறி மாறி வருகிறது. போன மாதம் 82 வயதுப் பாட்டி ஒருவர் ரத்தத்தில் கிருமித்தொற்று பரவி இறந்துவிட்டார். இரண்டு நாள் முன்பே, "பாட்டி தூங்கிக்கிட்டே இருக்காங்க, சாப்பிட மாட்டேங்கிறாங்க" என்று ஆயா சொன்னார். காய்ச்சல் இல்லாததால் விட்டுவிட்டோம். இப்போது யாருக்குச் சிறுநீர் கலங்கலாகப் போனாலும் ஆன்டிபயாடிக் கொடுத்துவிடுகிறோம். எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி பற்றி நெட்டில் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. புற ஊதா விளக்கு வாங்கலாமா? புகை போடலாமா? எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதை நிறுத்த வேண்டுமா? ஆயாக்களுக்குப் பயிற்சி கொடுத்தால் பலன் இருக்குமா?

பதில்: உங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும் விட முக்கியமானது ஆயா சொன்ன அந்த ஒரு வாக்கியம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பாட்டி பிழைத்திருப்பாரா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. அந்த வயதில் ரத்தத்தில் தொற்று பரவினால் பெரிய ஆஸ்பத்திரியிலும் கைமீறிப் போவதுண்டு. ஆனால் இன்னொருவரைப் பற்றி அதே வாக்கியத்தை யாராவது சொன்னால், அன்றைக்கே டாக்டர் பார்த்தாக வேண்டும்.

முதியவர்களுக்குக் கடுமையான தொற்று இருக்கும்போதும் காய்ச்சல் வராமல் போகலாம். அவர்களுடைய வழக்கமான உடல் சூடே பலருக்குக் குறைவு. அதனால் 100 டிகிரிக்காகக் காத்திருக்கக் கூடாது. ஒருவருக்கு வழக்கமாக இருப்பதைவிட 2 டிகிரி ஃபாரன்ஹீட் கூடினாலே அது காய்ச்சல்தான். அதற்கும் முன்னால் தெரிவது ஆள் மாறிப்போவது. நேற்று வரை பேசியவர் இன்று குழறுகிறார், மகனை யார் என்று கேட்கிறார், எழுப்பினால் கண் திறந்துவிட்டு மறுபடி தூங்கிவிடுகிறார், திடீரென்று கீழே விழுகிறார், சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறார். மறதி நோய் இப்படி ஒரே நாளில் வராது. அதோடு மூச்சு நிமிடத்துக்கு 25-க்கு மேல் போனாலோ, கை கால் சில்லிட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோயாளி என்றால் வண்டி வருவதற்குள் சுகரைப் பார்த்துவிடுங்கள். சுகர் இறங்கினாலும் ஆள் இப்படித்தான் ஆகிவிடுவார்.

இந்த மாற்றம் உங்களுக்கோ எனக்கோ முதலில் தெரியாது. தினமும் குளிப்பாட்டி, ஊட்டிவிடும் ஆயாவுக்குத்தான் தெரியும். அதனால் பயிற்சியை இங்கிருந்தே தொடங்குங்கள். "இன்னைக்கு இவங்க சரியில்லை" என்று ஆயா சொன்னால் அதை நோட்டில் நேரத்தோடு எழுத வேண்டும், பொறுப்பில் இருப்பவர் உடனே போய்ப் பார்க்க வேண்டும். ஆயா பயப்படாமல் சொல்ல வேண்டும், சொன்னால் நீங்கள் கேட்க வேண்டும்.

அடுத்தது கை. ஒரே கிளவுஸைப் போட்டுக்கொண்டு ஒருவருக்கு டயப்பர் மாற்றி, அதே கையால் பக்கத்துக் கட்டிலில் தண்ணீர் கொடுப்பதைப் பல இல்லங்களில் பார்க்கிறேன். கிளவுஸ் அப்போது ஆயாவைத்தான் காப்பாற்றுகிறது, பாட்டியை இல்லை. ஒவ்வொருவருக்கும் கிளவுஸ் மாற்ற வேண்டும், கழற்றிய பிறகும் கையைச் சுத்தம் செய்ய வேண்டும். சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பு என்றால் 40 முதல் 60 விநாடி. வயிற்றுப்போக்கு இருக்கும் நாட்களில் சானிடைசரை நம்பாதீர்கள், சோப்பும் தண்ணீரும்தான். சானிடைசர் பாட்டில் ஆபீஸ் ரூமில் இருந்தால் யாரும் எழுந்து போய் எடுக்க மாட்டார்கள். கட்டிலுக்குக் கட்டில் வையுங்கள்.

சிறுநீர் டியூப் போட்டிருப்பவர்களிடம் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. வீல்சேரில் உட்கார வைக்கும்போது பையைத் தூக்கி மடியில் வைத்துவிடுகிறார்கள். பையில் இருப்பது அப்படியே உள்ளே திரும்புகிறது. பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையிலும் படக் கூடாது. எல்லோருடைய பையையும் ஒரே மக்கில் காலி செய்வது இன்னொரு தவறு. கிருமி ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு நேராகப் போகும்.

இதையெல்லாம் ஹாலில் உட்கார வைத்து ஒருநாள் வகுப்பு எடுத்து, சர்டிபிகேட் கொடுத்தால் ஒரு மாதத்தில் மறந்துபோகும். ஷிப்ட் மாறும் நேரத்தில் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பத்து நிமிடம், ஒரே ஒரு விஷயம், செய்து காட்டி, அவர்களையும் செய்யச் சொல்லுங்கள். நைட் டியூட்டி ஆட்களை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், சம்பளம். லீவு போட்டால் அன்றைய கூலி போய்விடும் என்றால் காய்ச்சலோடும் இருமலோடும் வேலைக்கு வரத்தான் செய்வார்கள். 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கிர்க்லாந்து நகர முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் கொரோனா பரவிப் பலர் இறந்தார்கள். அங்கே விசாரித்தவர்கள் சொன்ன காரணங்கள்: ஊழியர்கள் நோய் அறிகுறியோடு வேலை பார்த்தது, ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை செய்தது, பாதுகாப்பு முறைகள் சரியாகத் தெரியாதது, சானிடைசர் போன்றவை போதாதது. சம்பளத்தோடு இரண்டு நாள் லீவு கொடுக்காமல் பயிற்சி மட்டும் கொடுத்தால் பாதி வேலைதான் நடக்கும்.

கலங்கலைப் பார்த்ததும் ஆன்டிபயாடிக் கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். இதில் எனக்குக் கோபமே வருகிறது. முதியோர் இல்லங்களில் இருக்கும் பெண்களில் கால்வாசி முதல் பாதிப் பேர் வரை எந்தத் தொந்தரவும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கும். டியூப் ஒரு மாதம் இருந்தால் அநேகமாக எல்லோருக்கும் இருக்கும். கலங்கல், நாற்றம் மட்டும் இருந்தால் அது நோய் இல்லை. எரிச்சல், அடிவயிற்று வலி, காய்ச்சல், குளிர் நடுக்கம் இருந்தால் டாக்டர் பார்க்கட்டும். நெட்டில் படித்துப் பயந்தீர்களே, மருந்துக்கு அடங்காத அந்தக் கிருமி வளர்வது இப்படி வேண்டாத மாத்திரைகளால்தான்.

விளக்கும் வேண்டாம், புகையும் வேண்டாம். கட்டில் கம்பி, வீல்சேர் கைப்பிடி, பாத்ரூம் குழாய் இவற்றைத் தினமும் துடைத்தால் போதும். வயிற்றுப்போக்கு உள்ளவர் மட்டும் சரியாகும்வரை அறையிலேயே சாப்பிடட்டும். மற்றவர்கள் சேர்ந்தே உட்காரட்டும், தனியாக உட்கார வைத்தால் பலர் சாப்பாட்டையே குறைத்துவிடுவார்கள்.

விளக்குக்கு ஒதுக்கிய பணத்தில் முதியவர்களுக்கும் ஆயாக்களுக்கும் இந்த ஆண்டு ஃப்ளூ தடுப்பூசி போடுங்கள். இந்த வாரமே இன்னொரு வேலையும் இருக்கிறது. டியூப் போட்டிருக்கும் ஒவ்வொருவருடைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்து, எதற்காகப் போட்டார்கள் என்று பாருங்கள். ஆபரேஷனுக்காகப் போட்டு, எடுக்க மறந்துவிட்டதாகக்கூட இருக்கும். காரணம் எழுதியிருக்காவிட்டால் அதை இனி எடுத்துவிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.