ஆறு தடவை மின்னும் சிவப்பு லைட்: ரகசிய மெனுவைத் தொடலாமா?

கேள்வி: ஏற்காடு நாகலூரில் இருக்கிறோம். எங்கள் 43 இன்ச் சோனி பிராவியா டிவிக்கு நான்கு வயது. இப்போது ஆன் செய்தால் திரை இருட்டாகவே இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்து, கீழே இருக்கும் சிவப்பு லைட் ஆறு தடவை மின்னுகிறது, நிற்கிறது, மறுபடி ஆறு தடவை. பார்க்க வந்த மெக்கானிக் "பேனல் போயிடுச்சுக்கா, 18,000 ஆகும், வண்டியில ஏத்தி சேலம் கொண்டு போயிடுறேன்" என்கிறார். என் மகனோ ரிமோட்டில் சில பட்டன்களை வரிசையாக அழுத்தினால் ரகசிய மெனு வரும், அதில் ரீசெட் கொடுத்தால் சரியாகிவிடும் என்று வீடியோ காட்டுகிறான். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். முதலில் டிவியை அந்த வண்டியில் ஏற்றாதீர்கள். ஏற்றிவிட்டால் அப்புறம் அவர் சொல்வதுதான் விலை.

உங்கள் டிவி தன் கோளாறை ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலான பிராவியா மாடல்களில் ஆறு தடவை மின்னினால் பேக்லைட் பக்கம் பிரச்சினை என்று அர்த்தம். இந்த டிவியில் படம் காட்டும் கண்ணாடிக்கு, அதாவது பேனலுக்கு, சொந்தமாக வெளிச்சம் கிடையாது. அதற்குப் பின்னால் வரிசை வரிசையாக எல்இடி ஸ்ட்ரிப் இருக்கிறது, அந்த வெளிச்சம் கண்ணாடி வழியாக வருவதைத்தான் நாம் படமாகப் பார்க்கிறோம். பின்னால் வெளிச்சம் நின்றுபோனால் கண்ணாடி நன்றாக இருந்தாலும் திரை இருட்டுதான். 'பேனல் போச்சு' என்ற வார்த்தை இந்த இடத்தில்தான் புகுந்துவிடுகிறது, ஏனென்றால் வெளியிலிருந்து பார்க்கும் உங்களுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இன்று ராத்திரியே ஒரு சோதனை செய்து பாருங்கள். வீட்டில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு டிவியை ஆன் செய்யுங்கள். அது தானாக அணைவதற்குள் சில விநாடிகள் கிடைக்கும். அதற்குள் செல்போன் டார்ச்சைத் திரைக்கு மிக நெருக்கமாக, நேராக இல்லாமல் சாய்வாகப் பிடித்து, வெளிச்சம் விழும் இடத்தை உற்றுப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மங்கலாக லோகோவோ எழுத்தோ தெரிந்தால் பேனல் உயிரோடு இருக்கிறது, போனது வெளிச்சம் மட்டும்தான். முதல் தடவை தெரியவில்லையென்றால் பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் விட்டு மறுபடி செய்யுங்கள். சில டிவி லோகோ வருவதற்கு முன்பே அணைந்துவிடும், அப்படியானால் டார்ச்சில் எதுவும் தெரியாது, அதை வைத்துப் பேனல் செத்துவிட்டது என்று முடிவுகட்டவும் கூடாது. மின்னுவதையும் ஒரு நிமிடம் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கண்ணால் எண்ணும்போது ஐந்தும் ஆறும் குழம்பும். அதே பிராவியாவில் ஐந்து என்றால் பேச்சே வேறு, அது படத்துக்கான சிக்னலைப் பேனலுக்கு அனுப்பும் டி-கான் போர்டு பக்கம் போகும். வீடியோ இருந்தால் வருகிற மெக்கானிக்கிடம் காட்டலாம், அவரும் வாய்க்கு வந்ததைச் சொல்ல யோசிப்பார்.

சரி, மின்னும் எண்ணிக்கை, அதாவது கோட், பேக்லைட் என்று சொல்லிவிட்டது, உடனே ஸ்ட்ரிப்பை வாங்கி மாற்றிவிடலாமா என்றால் அதுவும் கூடாது. எந்த அறையிலிருந்து புகை வருகிறது என்று மட்டும்தான் கோட் சொல்லும், அடுப்பா அயர்ன் பாக்ஸா என்று உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும். ஸ்ட்ரிப்பில் ஒரு எல்இடி எரிந்து போயிருக்கலாம், ஸ்ட்ரிப்புக்குக் கரண்ட் அனுப்பும் பகுதி பழுதாகியிருக்கலாம், நடுவில் இருக்கும் கனெக்டர் கருகியிருக்கலாம். மூன்றுக்கும் ஆறு தடவைதான் மின்னும். நல்ல மெக்கானிக் பேக்லைட் டெஸ்டர் என்ற சின்னப் பெட்டியை வைத்து ஸ்ட்ரிப்பை மட்டும் தனியாக எரியவைத்துப் பார்ப்பார். எரிந்தால் கோளாறு போர்டு பக்கம். எரியவில்லையென்றால் பேனலை மெதுவாகக் கழற்றி, வெள்ளை ஷீட்டுகளை எடுத்துவிட்டுப் பார்க்கும்போது தெரியும்: ஒவ்வொரு எல்இடி மேலும் ஒரு சின்ன லென்ஸ் மூடி இருக்கும், போன எல்இடியின் மஞ்சள் முகத்தின் நடுவில் கடுகளவு கறுப்புப் புள்ளி விழுந்திருக்கும். எல்லாம் தொடராக இணைந்திருப்பதால் ஒன்று போனாலே அந்த வரிசை மொத்தமும் அணைந்துவிடும். ஏதோ தப்பாக இருக்கிறது என்று டிவியும் தன்னைப் பாதுகாத்துக்கொள்ள ஆஃப் ஆகிவிடும்.

ஸ்ட்ரிப்தான் காரணம் என்றால் முழு செட்டையும் மாற்றச் சொல்லுங்கள். போன ஒரு எல்இடியை மட்டும் பிடுங்கி வேறொன்றை ஒட்டித் தருகிறேன் என்பவருக்குத் தலையாட்டாதீர்கள், மீதி எல்லாமே அதே வயசு, அடுத்தது அடுத்த மாதம் போகும். மாற்றிய பிறகு சாதாரண செட்டிங்ஸில் பேக்லைட் அளவை நன்றாகக் குறைத்து வையுங்கள். கடையில் பளிச்சென்று காட்டுவதற்காக வைத்த அளவிலேயே பல வீடுகளில் டிவி வருடக்கணக்கில் ஓடுகிறது, ஸ்ட்ரிப் சீக்கிரம் சூடாகிக் கருகுவதற்கு அது ஒரு பெரிய காரணம்.

இனி உங்கள் மகன் காட்டும் ரகசிய மெனு. அப்படி ஒன்று இருப்பது உண்மைதான், மெக்கானிக்குகள் அதை சர்வீஸ் மெனு என்பார்கள். சோனியில் டிவி ஸ்டேண்ட்பையில் இருக்கும்போது டிஸ்ப்ளே, 5, வால்யூம், பவர் என்று வேகமாக அழுத்தினால் பல மாடல்களில் திறக்கும். சாம்சங்கில் மியூட், 1, 8, 2, பவர். எல்ஜிக்குத் தனி சர்வீஸ் ரிமோட்டே உண்டு. ஆனால் அந்த மெனு வருவது திரையில், உங்கள் திரையோ இருட்டு. கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்துவதில் என்ன பயன்? எரிந்துபோன எல்இடியை எந்த ரீசெட்டும் எரிய வைக்காது.

இந்த மெனு மேல் மக்களுக்கு இவ்வளவு நம்பிக்கை வந்ததற்குக் காரணம் உண்டு. 2006-ல் அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய 14 இன்ச் கலர் டிவி வீட்டுக்கு வீடு இருந்த காலம், அது பிக்சர் ட்யூப் காலம். படம் மேலே கீழே சுருங்கினாலோ ஓரம் வளைந்தாலோ சர்வீஸ் மெனுவுக்குள் போய் உயரம், அகலம் கொஞ்சம் கூட்டிக் குறைத்தால் பல நேரம் சரியாகும். இப்போதைய டிவியில் சுருங்க அப்படி ஒன்றும் இல்லை. மெனுவில் இருப்பதெல்லாம் பேனல் எது, நிற அளவு எவ்வளவு, எந்த வசதி உண்டு, எது இல்லை என்று தொழிற்சாலையில் பதிந்து அனுப்பிய விவரங்கள். சாம்சங்கில் 'டைப்' என்ற ஒரு வரியை மாற்றிவிட்டால் படம் தலைகீழாக வரும், நிறம் மாறிப்போகும், சில சமயம் படமே வராது. படமே வராவிட்டால் ரிமோட்டை வைத்துத் திரும்பி வர வழி கிடையாது, போர்டில் இருக்கும் மெமரியைத் திரும்ப எழுதுகிறவரைத் தேடி அலைய வேண்டும். எல்ஜி சர்வீஸ் ரிமோட்டில் 'இன்-ஸ்டாப்' என்று ஒரு பட்டன், ஒரே அழுத்தில் நீங்கள் சேர்த்து வைத்ததையெல்லாம் அழித்துத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோய் அணைத்துவிடும். படிக்க மட்டும் உள்ளே போகலாம், எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது, என்ன கோளாறு பதிவாகியிருக்கிறது என்று பார்க்கலாம். எந்த எண்ணையும் மாற்றக் கூடாது. பையனிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

மாற்றலாம் என்று நான் மனசாரச் சொல்லும் இடம் ஒன்று உண்டு, ஏற்காட்டில் இருப்பதால் உங்களுக்கோ பக்கத்து வீட்டுக்கோ கட்டாயம் உதவும். லாட்ஜும் ரிசார்ட்டும் டிவியை மாற்றும்போது பழையதை மொத்தமாக விலைக்குத் தள்ளுகிறார்கள், அது வீடுகளுக்கும் ஹோம்ஸ்டேக்களுக்கும் வந்து சேர்கிறது. வந்த டிவியில் சத்தம் ஒரு அளவுக்கு மேல் ஏறாது, எப்போது போட்டாலும் அதே இன்புட்டில்தான் திறக்கும், செட்டிங்ஸ் பூட்டியிருக்கும், பக்கவாட்டுப் பட்டன் வேலை செய்யாது. ஸ்பீக்கர் போச்சு, போர்டு போச்சு என்று பணம் வாங்கிவிடுகிறார்கள். எதுவும் போகவில்லை, ஹோட்டல் மோட் என்ற அமைப்பு ஆனில் இருக்கிறது, அவ்வளவுதான். அறைக்கு வருகிறவர்கள் அலறவிடாமல் இருக்க லாட்ஜ்காரர் வைத்த கட்டுப்பாடு அது. எல்ஜியில் செட்டிங்ஸ் பட்டனைச் சில விநாடி விடாமல் அழுத்திப் பிடித்து, சேனல் எண் கேட்கும் பெட்டி வந்ததும் 1105 அடித்து ஓகே கொடுத்தால் இன்ஸ்டலேஷன் மெனு வரும். சாம்சங்கில் மியூட், 1, 1, 9, என்டர். உள்ளே ஹோட்டல் மோட் என்றோ ஹாஸ்பிட்டாலிட்டி மோட் என்றோ இருப்பதை ஆஃப் செய்துவிட்டு, பிளக்கைக் கழற்றி மாட்டினால் போதும். மாற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு திரையையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அந்த ஒரு வரியைத் தவிர வேறு எதிலும் கை வைக்காதீர்கள். எல்லா மாடலிலும் இதே பட்டன் வரிசை வேலை செய்யாது. வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள், வேறு வரிசைகளைத் தேடித் தேடி அழுத்தும்போதுதான் தப்பான மெனு திறக்கும்.

இப்போது உங்கள் மெக்கானிக். அவரை எனக்குத் தெரியாது, நல்லவராகவும் இருக்கலாம். ஆனால் டிவியைத் திறக்காமலே, டார்ச் கூட அடிக்காமலே விலை சொல்லியிருக்கிறார் என்பதை நான் கவனிக்கிறேன். இந்தத் தொழிலில் நடப்பது இது: ஸ்ட்ரிப்பை மாற்றிவிட்டுப் பேனலுக்குப் பணம் வாங்குவது. எடுத்துப் போகிறவர் பல நேரம் மெக்கானிக்கே இல்லை, நடுவில் கமிஷன் வைத்து வேறு கடையில் கொடுக்கிறவர். அவரிடம் ஒரே ஒரு வரி சொல்லுங்கள்: "பேனல் மாத்துனா பழைய பேனலை எனக்குத் திருப்பிக் கொடுங்க." 43 இன்ச் கண்ணாடியைப் பாக்கெட்டில் மறைக்க முடியாது. உண்மையிலேயே மாற்றுகிறவர் சரி என்பார். மற்றவர் அங்கேயே தடுமாறிவிடுவார். கொடுப்பதற்கு முன்னால் பின்பக்கத்து ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் போட்டோ எடுங்கள், திறக்கும்போது கூட இருந்தால் போர்டுகளில் ஒட்டியிருப்பதையும் எடுங்கள்.

இன்னொன்று, கூகுளில் கஸ்டமர் கேர் என்று தேடி மேலே வரும் முதல் நம்பருக்கு அடிக்காதீர்கள். கம்பெனி பெயரைப் போட்டுக்கொண்டு யார் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். வாங்கிய பில்லிலோ டிவியோடு வந்த புத்தகத்திலோ இருக்கும் நம்பர்தான் நம்பர். டெலிகிராமில் உங்கள் மாடலுக்கு சாப்ட்வேர் ஃபைல் இருக்கிறது, பணம் அனுப்பினால் தருகிறேன், பென்டிரைவில் போட்டால் சரியாகிவிடும் என்பவர்களையும் நம்பாதீர்கள். ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று வித பேனல் போட்டு விற்கிறார்கள், பொருந்தாத ஃபைல் ஏறினால் நல்லாயிருக்கும் மெயின் போர்டும் சேர்ந்து போகும்.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போகலாமே என்று கேட்பீர்கள். போகலாம்தான், ஆனால் அங்கேயும் பல இடங்களில் ஸ்ட்ரிப் தனியாகத் தர மாட்டோம், முழு பேனல்தான் என்பார்கள், அதன் விலையோ புது டிவியை நெருங்கும். மலைக்கு ஆள் வர நாள் கணக்கில் இழுத்தடிப்பார்கள். டிவி தானே மின்னிச் சொல்லும் கோட் என்ன என்று காசு கொடுத்து வாங்கினவர் கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்கள், அது என்ன ராணுவ ரகசியமா? ஆறு தடவை என்றால் பேக்லைட் என்று டிவியோடு வரும் புத்தகத்திலேயே அச்சடித்துக் கொடுத்தால் பாதி ஏமாற்று அன்றே நின்றுவிடும். பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022 டிசம்பரில் ஒரு இணையதளமே தொடங்கியது. அதனால் மலையில் இருக்கிற உங்களுக்கு ஒரு ஸ்ட்ரிப் கிடைத்ததா?

அதற்காகப் பணத்தை விட்டுவிட வேண்டாம். பில் போட்டு, அதில் என்ன மாற்றினார்கள் என்று எழுதி வாங்குங்கள். பேனல் என்று எழுதிவிட்டு ஸ்ட்ரிப் போட்டிருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதிலும் தீரவில்லையென்றால் சேலத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. பில் இல்லாமல் போனால் எதுவும் நடக்காது.

நீங்களே பின்மூடியைத் திறக்க வேண்டாம். பவர் போர்டில் இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அங்கேயே இருக்கும்.

டார்ச்சில் படம் தெரிந்தால், ஏற்காட்டிலேயே ஸ்ட்ரிப் மாற்றுகிறவர் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். இல்லை, சேலத்துக்குத்தான் கொண்டுவர வேண்டும் என்றால் நீங்களே கொண்டுவாருங்கள், உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும், டிவியைப் படுக்கவைக்காதீர்கள், படுக்கவைத்தால் குலுங்கும்போது நல்ல பேனல் நடுவில் விரிந்துவிடும், அப்புறம் அந்த 18,000 உண்மையாகிவிடும். போர்வை சுற்றி, நிற்க வைத்து, திரைப் பக்கம் சீட்டின் முதுகை ஒட்டினாற்போல இருக்க, ஒருவர் பிடித்துக்கொண்டு வர வேண்டும். கடையில் திறப்பதற்கு முன்னால் ஆறு தடவை மின்னும் அந்த வீடியோவைக் காட்டுங்கள், டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.