காலநிலை மாற்றம் எல்லோருக்கும் பொதுதானே, அதைச் சமாளிப்பதில் ஆண் பெண் பேதம் எங்கிருந்து வந்தது?

பேதம் இருக்கிறது. கேள்வியைப் பார்த்தால் இதைப் பாடமாகப் படிக்கிறவர், கட்டுரை எழுதுவதற்காகக் கேட்கிறவர் என்று தோன்றுகிறது. நான் விவசாயம் செய்கிறவள், அதனால் வயலில் பட்டதிலிருந்தே தொடங்குகிறேன்.

நிலம் என் கணவர் பெயரில். அவர் பிழைப்புக்காக வெளியூர் போய்ப் பல வருடம் ஆகிறது. விதைப்பிலிருந்து அறுவடை வரை எல்லாம் நான்தான். மழை முன்போல் பருவத்துக்கு வருவதில்லை. வந்தால் ஒரேயடியாகக் கொட்டி நாற்றை மூழ்கடித்துவிடுகிறது. மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கும் சப்-1 நெல் ரகங்களைப் பற்றி ஒரு பயிற்சி வைத்தார்கள். போனேன். பதிவேட்டில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "நிலம் யார் பேர்லம்மா இருக்கு? சார் வரலையா?" என்று கேட்டார் அங்கிருந்தவர். அவர் வெளியூரில் இருக்கிறார், பயிர் வைப்பது நான்தான் என்றேன். "அப்ப அவர் வர்றப்ப வரச் சொல்லுங்க" என்று அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

ஜன்னலோரம் நின்று கேட்டேன். உள்ளே நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன. விதையை எவ்வளவு நேரம் ஊறவைப்பது, நாற்றை எத்தனையாவது நாள் பறிப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் நாற்றங்காலில் கால் வைக்காதவர்கள். பக்கத்து வயல்காரர் கையெழுத்துப் போட்டு விதைப்பையை வாங்கிக்கொண்டு போனார். அவர் வயலிலும் நடவு பார்ப்பது அவர் மனைவிதான், அந்த அக்காவும் பயிற்சிக்குள் வர முடியவில்லை.

மழை எச்சரிக்கைக் குறுஞ்செய்தியும் இப்படித்தான். பதிவான எண் கணவருடையது. அவர் வேலை முடிந்து பார்த்து என்னை அழைப்பதற்குள் களத்தில் காயப்போட்ட நெல் நனைந்து முளைகட்டத் தொடங்கிவிட்டது.

உடனே "ஆண்களைத் திட்ட வந்துவிட்டாள்" என்று பின்னூட்டம் போட வேண்டாம். என் கணவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆண் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி என்ற எதிர்பார்ப்புகள் ஆண்களையும் கொல்கின்றன. 1998இல் மத்திய அமெரிக்காவை மிட்ச் புயல் தாக்கியபோது ஆண்கள்தான் அதிகம் இறந்தார்கள். ஆபத்தில் முதலில் இறங்குவது ஆணின் வேலை என்ற நினைப்பையும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

ஆனால் வங்கதேசத்தைப் பாருங்கள். 1991 ஏப்ரல் புயலில் சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள். 20 முதல் 44 வயது வரை உள்ளவர்களில் ஆயிரம் ஆண்களுக்கு 15 பேர் இறந்தால், ஆயிரம் பெண்களுக்கு 71 பேர். எச்சரிக்கை ஆண்கள் கூடும் பொது இடங்களில் சொல்லப்பட்டது. வீட்டில் இருந்த பெண்கள், கணவர் வந்து சொல்லட்டும் என்று குழந்தைகளோடு காத்திருந்தார்கள். புகலிடங்களில் பெண்களுக்குத் தனி இடம் இல்லாததால் போகவும் தயங்கினார்கள். பிறகு புகலிடங்களைக் கூட்டினார்கள், பெண் தன்னார்வலர்களைச் சேர்த்து வீடு வீடாகச் செய்தி சொல்ல வைத்தார்கள். 2007இல் சிதர் புயல் வந்தபோது மொத்தச் சாவும் பல மடங்கு குறைந்தது, ஆண் பெண் இடைவெளியும் சுருங்கியது. பெண்களின் உடல்வாகு அதற்குள் மாறிவிடவில்லை. செய்தி போகும் வழி மாறியது.

ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2024இல் வெளியிட்ட கணக்குப்படி, கடும் வெப்பத்தால் பெண்கள் தலைமையில் நடக்கும் கிராமக் குடும்பங்கள் ஆண்கள் தலைமையில் நடப்பவற்றைவிட 8% கூடுதலாக வருமானம் இழக்கின்றன, வெள்ளத்தால் 3%. கடன், விதை, பயிற்சி எல்லாம் ஆவணத்தில் உள்ள பெயரைத் தேடிப் போனால் வேறென்ன நடக்கும்?

கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். முதுகில் மாட்டும் மருந்து தெளிப்பான் 16 லிட்டர். நிரப்பினால் கிட்டத்தட்ட 20 கிலோ. வாரை எவ்வளவு இழுத்தாலும் என் தோளுக்கு நிற்காது, வழுக்கி முழங்கையில் விழும். பாதி நிரப்பித்தான் அடிக்கிறேன், அதனால் நடை இரட்டிப்பாகிறது. கடையில் சிறியது கேட்டால் "பொம்பளைங்களுக்குன்னு தனியா வர்றதில்லை" என்கிறார்கள். வயலில் பாதிப்பேர் பெண்களாக இருக்கும்போது இதை ஏன் யாரும் செய்வதில்லை?

உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். "பெண்களுக்கு விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்" என்று மட்டும் தயவுசெய்து முடிக்காதீர்கள். எங்களுக்கு விழிப்பு இருக்கிறது. பயிர் வைக்கிறவர் பெயரும் எண்ணும் நில உரிமையாளர் பெயருக்குப் பக்கத்தில் பதிவாக வேண்டும், பயிற்சிக்கு ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் வரலாம் என்று விதி இருக்க வேண்டும், பயிற்சி நேரம் தண்ணீர் எடுக்கிற, சமைக்கிற நேரமாக இருக்கக் கூடாது. இந்த மூன்றையும் எழுதுங்கள்.