மண்புழு புதிய இனமா? பெயர் வைப்பதற்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டியவை

கேள்வி: உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். மட்டக்களப்பு வெல்லாவெளிப் பக்கம், வட்டையை (வயல்வெளியை) அடுத்த ஒரு காட்டுத்துண்டில், மாரி தொடங்கியதும் நீலமாக மினுங்கும் மண்புழுக்கள் மேலே வருகின்றன. ஒன்றரைச் சாண் நீளம் இருக்கும். பாடநூலிலோ இணையத்திலோ இதைப் போல ஒரு படத்தைக் காணவில்லை. இரண்டைப் பிடித்து ஸ்பிரிட் போத்தலில் போட்டேன். இரண்டும் சுருண்டு, ஒன்று நடுவில் உடைந்தும் போய்விட்டது. நிறமும் இல்லை. புதிய இனமாக இருந்தால் அதை முறைப்படி விவரித்துப் பெயர் வைக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: நிறம் போனதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மண்புழுவின் வெளித்தோலில் மிக நுண்ணிய கொலாஜன் நார்கள் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒளி சிதறுவதால் வரும் மினுக்கம் பல இனங்களுக்குப் பொதுவானது. நீளமும் அப்படித்தான்; அதே புழுவை நீட்டி அளந்தால் ஒன்று, சுருங்கியபின் அளந்தால் இன்னொன்று. எந்த உறுப்பு எத்தனையாவது துண்டத்தில் (உடல் வளையத்தில்) இருக்கிறது என்ற கணக்குத்தான் இனத்தைப் பிரிக்கிறது. அந்தக் கணக்கை முதிர்ந்த புழுவில் மட்டுமே போட முடியும். கழுத்துப் பக்கம் தடித்துத் தெரியும் பட்டை (கிளைட்டெல்லம்) இல்லாத புழு இளம்புழு. அதை வைத்துப் புதிய இனம் விவரிக்க இயலாது. உங்கள் உடைந்த புழுவின் முன்பாதியில் பட்டை இருந்தால் எறிந்துவிட வேண்டாம். முக்கிய உறுப்புகள் எல்லாம் முன்பாதியில்தான் இருக்கின்றன.

சுருண்டதற்கும் உடைந்ததற்கும் காரணம் கடும் மதுசாரம். உயிருள்ள புழு அதில் விழுந்ததும் தசைகள் ஒரேயடியாக இறுகும். சில இனங்கள் வாலைத் தாமே துண்டித்தும் விடும். அடுத்த முறை புழுவைத் தண்ணீரில் கழுவி, அகன்ற தட்டில் மூடுமளவு தண்ணீர் விட்டு, 95 வீத எதனோலைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். முடிவில் ஒரு பங்கு எதனோலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்ற அளவுக்கு வந்தால் போதும். ஊசியால் தொட்டும் அசையாத நிலை வந்தபின் எடுத்து, தட்டையான தட்டில் நேராக நீட்டி வையுங்கள். இந்தக் கட்டத்தில், வேறு எந்த மருந்திலும் போடுவதற்கு முன், வால்பக்கத்திலிருந்து ஒரு சென்ரிமீற்றர் துண்டை வெட்டி, குடலை அகற்றி, உடற்சுவரை மட்டும் 96 வீதத்துக்குக் குறையாத எதனோலில் தனிக் குப்பியில் இடுங்கள். டீஎன்ஏ சோதனைக்கு அது. குடலோடு வைத்தால் மண்ணிலுள்ள மற்ற உயிர்களின் டீஎன்ஏயும் கலந்து வரும். வால் வெட்டும் புழுக்களின் மொத்தத் துண்ட எண்ணிக்கையை முதலிலேயே எண்ணிவிடுங்கள். இரண்டு மூன்று புழுக்களை வெட்டாமல் முழுதாக விடுவதும் நல்லது.

மிகுதி உடலைப் போமலினில் நிலைப்படுத்தினால் உள்ளுறுப்புகள் உருக்குலையாமல் நிற்கும். கடையில் வரும் போமலின் ஏறத்தாழ 37 முதல் 40 வீதம் போமல்டிகைட்டு. அதில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்தால் வருவதை ஒரு நூல் “10 வீதப் போமலின்” என்னும், இன்னொன்று “4 வீதப் போமல்டிகைட்டு” என்னும், இரண்டும் ஒன்றேதான். புரியாமல் 4 வீதப் போமலின் தயாரித்துவிட்டுப் புழு அழுகிப்போகிறது என்பவர்கள் உண்டு. ஒன்று முதல் இரண்டு நாள் வைத்து, கழுவி, 75 வீத எதனோலுக்கு மாற்றுங்கள் (95 வீத எதனோல் 79 மில்லிலீற்றரோடு தண்ணீர் 21 மில்லிலீற்றர்). புழுவின் கனஅளவைப் போலப் பத்து மடங்கு திரவம் வேண்டும். புழுவிலுள்ள நீர் எதனோலை மெலிதாக்கும், அதனால் மறுநாள் ஒருமுறை மாற்றவும் வேண்டும். போமல்டிகைட்டு புற்றுநோய் உண்டாக்கும் பொருள். பாடசாலை ஆய்வுகூடத்தில் காற்றோட்டமும் கையுறையும் இல்லையென்றால் போமலினை விட்டுவிட்டு, நீட்டிவைத்த புழுவின் மேல் 95 வீத எதனோலை ஊற்றியே நிலைப்படுத்துங்கள். புழு விறைத்து நொறுங்கும் தன்மை பெறும். ஆனாலும் பயன்படும், டீஎன்ஏயும் கெடாது. கடையில் வாங்கும் ஊதா ஸ்பிரிட் வேண்டாம். சாயமும் மற்றச் சேர்மானங்களும் டீஎன்ஏ வேலையைக் கெடுக்கலாம்.

குப்பிக்குள்ளேயே சீட்டு இட வேண்டும், வெளியே ஒட்டுவது கழன்றுவிடும். பென்சிலால் எழுதுங்கள், போல்பொயின்ற் பேனை மை எதனோலில் கரையும். இடம், ஜீபீஎஸ் அளவு, திகதி, ஆழம், மண், தாவரம், பிடித்தவர் பெயர் எல்லாம் அதில் வேண்டும். “வெல்லாவெளி” என்று மட்டும் எழுதிய புழுவால் பின்னொரு காலத்தில் எவருக்கும் பயனில்லை.

எப்போது தேடுவது? வடகீழ்ப் பருவமழை தொடங்கிய உடனே மேலே வருபவற்றில் பல இளம்புழுக்கள். மண் ஆழம் வரை நனைந்து சில வாரம் சென்று, மார்கழி நடுவிலிருந்து தை முடியும் வரை தேடினால் பட்டையுள்ளவை கிடைக்கும் வாய்ப்புக் கூடும். கோடையில் மண் காய்ந்ததும் புழுக்கள் ஆழத்தில் உருண்டையாகச் சுருண்டு உறங்கும். பட்டை மங்கியும் போகும். அரை மீற்றர் சதுரம், 30 சென்ரிமீற்றர் ஆழம் வெட்டி, மண்ணைச் சாக்கில் கொட்டிக் கையால் உதிர்த்துப் பாருங்கள். அதற்கும் கீழே இருப்பவற்றுக்குக் கடுகு உதவும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 10 கிராம் கடுகுமா, முதல்நாள் இரவே கொஞ்ச நீரில் குழைத்து வைத்தது. குழிக்குள் ஊற்றினால் எரிச்சல் தாங்காமல் வரும். வந்த கையோடு கழுவிவிடுங்கள். ஒரே இடத்திலிருந்து பத்துக்குக் குறையாத முதிர்ந்த புழுக்கள் வேண்டும். ஒரு புழுவை மட்டும் வைத்து இனம் விவரிப்பதை விதி தடுக்காது, ஆனால் அந்தப் புழுவின் தனிக்குறையா இனத்தின் இயல்பா என்று யாரும் சொல்ல முடியாமல் போகும்.

இனி எண்ணிக்கை. பலரும் சறுக்குவது இங்கேதான். வாயைச் சூழ்ந்த முதல் துண்டத்தில் சிலிர்முட்கள் (தோலில் நிற்கும் நுண்ணிய முட்கள்) இல்லை. இரண்டாம் துண்டத்திலிருந்துதான் உண்டு. முள் தெரியும் துண்டத்தை ஒன்று என்று தொடங்கினால் எல்லாம் ஒன்றால் பிசகி, 18இல் இருக்கும் ஆண் துளையை 17 என்று எழுதி, குடும்பத்தையே மாற்றிவிடுவீர்கள். முன்பகுதித் துண்டங்களில் இரண்டாம்நிலை வரிகள் ஓடும். அவற்றையும் துண்டமாக எண்ணிவிடக் கூடாது. சந்தேகம் வந்தால் முள் வரிசையைப் பாருங்கள், ஒரு துண்டத்துக்கு ஒரு வரிசைதான். ஐந்து துண்டத்துக்கு ஒரு குண்டூசி குத்திக்கொண்டு போனால் கணக்குத் தவறாது.

வெளியே பார்த்துக் குறிக்க வேண்டியவை: பட்டை எந்தத் துண்டம் முதல் எதுவரை, வளையமா சேணமா, முட்கள் துண்டத்துக்கு எட்டா, சுற்றிலும் வட்டமாகவா, முதல் முதுகுத் துளை எந்தப் பள்ளத்தில் (துண்டங்களுக்கு இடையிலுள்ள கோடு; 6/7 என்றால் ஆறுக்கும் ஏழுக்கும் இடையே), ஆண் துளை, பெண் துளை, விந்துகொள்பைத் துளைகள் எங்கே, எத்தனை சோடி, அவற்றைச் சுற்றி மேடு குழி ஏதும் உண்டா. இந்த அளவிலேயே பாதிக் கேள்விக்கு விடை வந்துவிடும். நம் பகுதித் தோட்டங்களில் கிடைப்பவற்றுள் பெரும்பங்கு உலகெங்கும் மனிதனோடு பரவிய இனங்கள்தான். வால்பக்கத்து முட்கள் நேர்வரிசையில் இல்லாமல், துண்டத்துக்குத் துண்டம் இடம்மாறி நின்றால் தென்னமெரிக்காவிலிருந்து வந்த பொன்டோஸ்கோலெக்ஸ் கொரித்துரஸ் என்று சந்தேகியுங்கள். முட்கள் வட்டமாக இருந்து, விந்துகொள்பைத் துளைகள் 6/7, 7/8, 8/9 பள்ளங்களில் மூன்று சோடியாக இருந்தால் லம்பிட்டோ மொரிட்டியாக இருக்கலாம். ஊதா மினுக்கத்தோடு எருக்குழியில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டெருவுக்குக் கொண்டுவந்த ஆபிரிக்க யூட்ரிலஸ் யூஜினியே அல்லது பெரியோனிக்ஸ் எக்ஸ்கவாட்டஸ். வாவிக்கரை உப்பு மணலில், அழுகும் பாசிக்கடியில் கிடைக்கும் மெல்லிய புழுவைக் கண்டு மகிழ்ந்துவிடாதீர்கள். வெப்பமண்டலக் கடற்கரை எங்கும் வாழும் பொன்டோட்ரிலஸ் அது. ஆண் துளை 10/11 பள்ளத்தில், விந்துகொள்பை 7/8இல் ஒரே சோடி என்றால் ட்ராவிடா. இந்தச் சாதி (நெருங்கிய இனங்களின் தொகுதி) கொஞ்சம் சிக்கலானது, அதில் கவனமாக நில்லுங்கள்.

உங்கள் புழு காட்டுத்துண்டில் கிடைத்திருப்பதால் வாய்ப்பு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். உழவும் பசளையும் படாத மண்ணில்தான் சொந்த இனங்கள் நிற்கும். உன்னிச்சைக்கு அப்பால், குடும்பிமலைச் சரிவு, கல்லோயாக் காட்டோரம் போன்ற இடங்களை வீட்டுத் தோட்டத்தைவிட நம்பலாம்.

உள்ளே பார்க்க, மெழுகுத் தட்டில் எதனோலுக்குள் அமிழ்த்தி, முதுகு நடுக்கோட்டுக்குச் சற்று இடப்பக்கமாக நுனிக்கத்தரியால் வெட்டுங்கள். நடுக்கோட்டிலேயே வெட்டினால் முதுகுக் குருதிக்கலன் போய்விடும். நம் மணற்பாங்கான மண்ணில் குடல் நிறைய மணல். கத்தரி மழுங்கும், குடல் கிழிந்து எல்லாவற்றையும் மூடும். உயிரோடு இருக்கும்போதே ஓர் இரவு ஈரக் கடதாசியில் விட்டு வைத்தால் பெரும்பகுதி வெளியேறும். அரைவைப்பை எந்தத் துண்டத்தில், எத்தனை, குடல் தொடங்கும் இடம், கடைசி இதயம், விதைகளும் விந்துச் சேமப்பைகளும், விந்துகொள்பையின் வடிவம், அதில் கிளைப்பை எத்தனை, புரொஸ்டேட் சுரப்பி குழாயா, கொத்தா, கழிநீரகங்கள் துண்டத்துக்கு ஒரு பெரிய சோடியா, பல நுண்ணியவையா என்று ஒவ்வொன்றாகக் குறித்து வரையுங்கள். அரைவைப்பை பெருத்துப் பிரிசுவர்களைப் பின்னே தள்ளிவிடும். அதனால் பிரிசுவர் உடற்சுவரில் ஒட்டும் இடத்தைத்தான் எண்ண வேண்டும், குடலில் ஒட்டும் இடத்தை அல்ல. சேமப்பையில் வெண்மணிகள் போலத் தெரிந்தால் அது ஒட்டுண்ணியின் உறை. புதிய உறுப்பு என்று எழுதிவிடாதீர்கள்.

இன்னொரு பொறி: அமின்தாஸ் போன்ற சாதிகளில் துணையின்றி இனம் பெருக்கும் கூட்டங்கள் உண்டு. அவற்றில் விந்துகொள்பையோ ஆண் துளையோ குறைந்தும் இல்லாமலும் போகும். “ஒரு சோடி குறைகிறது, ஆகவே புதிய இனம்” என்று எழுதப்பட்டுப் பிறகு இரத்தான பெயர்கள் மண்புழு வகைப்பாட்டில் ஏராளம்.

உண்மையான உழைப்பு ஒப்பீட்டில்தான். சாதி தெரிந்ததும் அந்தச் சாதியில் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் பெயரிடப்பட்ட ஒவ்வோர் இனத்தின் மூல விவரணத்தையும் எடுத்து, உங்கள் புழு எதில் வேறுபடுகிறது என்று அட்டவணை போட வேண்டும். நீலப் புழுவைப் பொறுத்தவரை, டெம்பிள்டன் 1844இல் இலங்கையிலிருந்து விவரித்த மெகாஸ்கோலெக்ஸ் கோருலியஸ் பெயரிலேயே நீலத்தைக் கொண்டது. முதல் ஒப்பீடு அதோடுதான். இந்தியப் பகுதி மண்புழுக்களைப் பற்றி ஸ்டீபன்சன் எழுதிய 1923ஆம் ஆண்டுத் தொகுதி இலங்கையையும் சேர்த்தது; இன்றும் அதுவே தொடக்கம். ஆனால் அதிலுள்ள பல பெயர்கள் பின்னர் சாதி மாறியுள்ளன. பழைய பெயரில் ஒன்று ஏற்கெனவே உங்கள் புழுவாக இருக்கலாம்.

டீஎன்ஏயில் பொதுவாக வாசிப்பது சீஓஐ மரபணுவின் 658 எழுத்துத் துண்டை. மண்புழுக்களில் வேறுபாடு ஏறத்தாழ 9 வீதத்துக்குக் குறைந்தால் ஒரே இனமாகவும், 15 வீதத்துக்கு மேல் போனால் வேறு இனமாகவும் கொள்வது வழக்கம். நடுவில் விழுந்தால் உடலமைப்புத்தான் தீர்ப்புச் சொல்லும். “தரவுத்தளத்தில் பொருந்தவில்லை” என்பது புதிய இனத்துக்குச் சான்றாகாது. பெயரிட்ட இனங்கள் பலவற்றின் வரிசையே தரவுத்தளத்தில் கிடையாது.

அனுமதியைத் தேடலுக்கு முன்பே பாருங்கள். தேசிய வனம், சரணாலயம் என்றால் வனஜீவராசிகள் திணைக்களம்; ஒதுக்கக் காடு என்றால் வனத் திணைக்களம். வெளிநாட்டுக்கு மாதிரியோ டீஎன்ஏயோ அனுப்புவதற்குத் தனி அனுமதி வேண்டும். தனி ஆளாக விண்ணப்பிப்பதைவிட வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அல்லது தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல், உயிரியல் துறையினரோடு சேர்ந்து விண்ணப்பிப்பது எளிது. ஆய்வுக்கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் என்பதையும் அப்போதே கதைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் செல்லுபடியாக விலங்கியல் பெயரீட்டுச் சட்டக்கோவை (2000 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள நான்காம் பதிப்பு) கேட்பவை சில. இது புதிய இனம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மற்ற இனங்களிலிருந்து பிரித்துக் காட்டும் பண்புகள் வேண்டும். ஒரு புழுவை ஹோலோடைப்பாக (பெயருக்கு ஆதாரமான ஒற்றை மாதிரியாக) குறித்து அது எந்த நிறுவனத்தில் இருக்கும் என்று எழுத வேண்டும். ஏனையவை பராடைப் (துணை மாதிரிகள்). ஹோலோடைப்பை வெட்டாமல் விட்டு, பராடைப்புகளில் அறுவை செய்யுங்கள். வைப்பதற்குக் கொழும்புத் தேசிய நூதனசாலையை அணுகலாம். வீட்டு அலுமாரி வேண்டாம். இணையத்தில் மட்டும் வரும் சஞ்சிகை என்றால், வெளியாவதற்கு முன் சூபேங்க்கில் (விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடு) பதிந்திருப்பதைக் கட்டுரையிலேயே காட்ட வேண்டும், பதிவுக்குப் பணமில்லை. இடப்பெயரில் சூட்டுவது வசதி: ‘-என்சிஸ்’ விகுதி ஆண்பால், பெண்பால் சாதி இரண்டுக்கும் மாறாது. ஆணின் பெயரென்றால் ‘-ஐ’, பெண்ணின் பெயரென்றால் ‘-ஏ’. தன் பெயரையே சூட்டுவதைச் சட்டம் தடுக்காது, ஆனால் யாரும் செய்வதில்லை.

கட்டுரை வரும்வரை அந்தப் பெயரை முகநூலிலோ பத்திரிகைச் செய்தியிலோ விடாதீர்கள். முகநூற் பதிவு பெயரைச் செல்லுபடியாக்காது. அச்சில் வரும் செய்தியோ விவரத்தின் அளவைப் பொறுத்துப் பெரிய குழப்பத்தை உண்டாக்கிவிடலாம். நூதனசாலையின் பதிவெண் கைக்கு வந்தபின் கட்டுரையை அனுப்புங்கள். மதிப்பாய்வாளர் முதலில் கேட்பது அதைத்தான்.